15 சதவீத வரிக் கதவு மூடிவிட்டது: டிரான்ஸ்பார்மர் பட்டறைக்கு வேறு என்ன சலுகை இருக்கிறது?

கேள்வி: ஆடிட்டர் ஐயாவுக்கு வணக்கம். கோவை மாவட்டத்தில் நானும் தம்பியும் டிரான்ஸ்பார்மர் பட்டறை நடத்துகிறோம். அப்பா ரீவைண்டிங் வேலையில் ஆரம்பித்தது. இப்போது 63, 100 கேவிஏ திறனுள்ள டிரான்ஸ்பார்மர்களை நாங்களே செய்து மின் விநியோக நிறுவனங்களுக்கும் மில்களுக்கும் கொடுக்கிறோம். பார்ட்னர்ஷிப் நிறுவனம். டர்னோவர் 18 கோடி, எங்கள் சம்பளம் போக 1.5 கோடி லாபம். டிரான்ஸ்பார்மருக்கு உள்ளே இருக்கும் எஃகுத் தகடு அடுக்கை, அதாவது கோர் என்பதை, வெளியில் வெட்டி வாங்குவதை நிறுத்திவிட்டு, சொந்தமாகக் கோர் வெட்டும் லைன், ஃபாயில் வைண்டிங் மெஷின், டெஸ்ட் பெஞ்ச் போடலாம் என்று நினைக்கிறோம். புதிதாக வாங்கினால் 3 கோடி. வெளிநாட்டில் ஓடிய பழைய லைனாக எடுத்தால் 1.75 கோடியில் முடியும். புதிய கம்பெனி தொடங்கினால் 15 சதவீதம்தான் வரி என்கிறார் ஒருவர். அந்தச் சலுகைக்குத் தகுந்த பழைய தேதியில் பதிவான கம்பெனி ஒன்று விலைக்கு இருக்கிறதாம், முன்பணம் கேட்கிறார். உற்பத்திக்கு ஏற்ப மத்திய அரசு தரும் பிஎல்ஐ ஊக்கத்தொகை கிடைக்கும் என்றும், அமெரிக்காவில் டிரான்ஸ்பார்மருக்கு 10 சதவீத வரிக் கழிவு என்றும் செய்தி பார்த்தோம். கடன் வாங்காதே என்கிறார் அப்பா. என்ன செய்யலாம்?

பதில்: அன்புள்ள நண்பருக்கு, முதலில் ஒன்று. அந்த முன்பணத்தைக் கொடுக்காதீர்கள். கொடுத்துவிட்டிருந்தால் இன்றே திருப்பிக் கேளுங்கள்.

15 சதவீதம் என்பது பொய்யல்ல. 2019 செப்டம்பர் 20 அன்று அவசரச் சட்டம் மூலம் வந்த சலுகை அது. 2019 அக்டோபர் 1 அன்றோ அதற்குப் பிறகோ பதிவான புதிய கம்பெனி, குறித்த தேதிக்குள் உற்பத்தியைத் தொடங்கிவிட்டால், வரியின் மேல் ஏறும் சர்சார்ஜும் செஸ்ஸும் சேர்த்து 17.16 சதவீதம்தான் வரி. உற்பத்தி தொடங்கக் கடைசி நாள் முதலில் 2023 மார்ச் 31 என்று இருந்தது, பிறகு ஓராண்டு நீட்டினார்கள். 2024 மார்ச் 31-ஓடு அது முடிந்தது, அதற்குப் பிறகு நீட்டவில்லை. உங்களிடம் பேசியவர் கம்பெனி பதிவான தேதியைக் காட்டுகிறார். சட்டம் கேட்பதோ உற்பத்தி தொடங்கிய தேதியை. பெயர்ப் பலகை மட்டும் உள்ள கம்பெனியில் உற்பத்தி எங்கே நடந்திருக்கும்? போதாததற்கு, ஏற்கெனவே நடக்கும் தொழிலைப் பிரித்தோ மாற்றி அமைத்தோ உண்டாக்கிய கம்பெனிக்கு இந்தச் சலுகை கிடையாது. உங்கள் பட்டறையின் ஆட்களும் ஆர்டர்களும் அங்கே போனால் அதுவே சலுகையைக் கெடுத்துவிடும். சில ஆண்டுகள் கழித்து அதிகாரி கோப்பைத் திறக்கும்போது விட்டுப்போன வரி, வட்டி, அபராதம் மூன்றும் உங்கள் தலையில்தான் விழும். கம்பெனியை விற்றவர் அப்போது உங்கள் அருகில் இருக்க மாட்டார்.

பிஎல்ஐ விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அது 14 துறைகளுக்கான திட்டம். டிரான்ஸ்பார்மர் அந்தப் பட்டியலில் இல்லை. 6,322 கோடி ஒதுக்கப்பட்ட சிறப்பு எஃகுத் திட்டத்துக்குள் மின்துறை எஃகு வருகிறது, அதாவது நீங்கள் கோருக்கு வாங்கும் சிஆர்ஜிஓ தகடு. ஆனால் அந்த ஊக்கத்தொகை எஃகு ஆலைக்குப் போகும், பட்டறைக்கு வராது. உள்நாட்டில் தகடு தாராளமாகக் கிடைக்கும் நாள் வந்தால் உங்களுக்கும் நல்லதுதான். அதை நம்பி இன்றைக்கு வங்கிக் கடனுக்குக் கணக்குப் போட முடியாது. அமெரிக்கச் செய்தி அங்கே 2025-இல் கொண்டுவந்த ஒரு மசோதாவைப் பற்றியது. அந்த மண்ணிலேயே விநியோக டிரான்ஸ்பார்மர் செய்பவர்களுக்கு வரிக் கழிவு தரலாம் என்கிறது. கோவையில் செய்கிற உங்களுக்கு அதில் ஒன்றும் இல்லை.

சரி, இல்லாததைப் பேசியது போதும். நீங்கள் கேட்காமல் விட்ட சலுகைகள்தான் உங்களுக்கு உரியவை. அவற்றில் பெரியது வருமான வரிச் சட்டத்தில் இல்லை, மாவட்டத் தொழில் மையத்தில் இருக்கிறது.

தமிழ்நாடு அரசின் சிறு, குறு தொழில் முதலீட்டு மானியத்தில் மின், மின்னணுத் தொழில் முன்னுரிமைப் பிரிவாக இருக்கிறது. தகுதியுள்ள இயந்திரங்களின் மதிப்பில் 25 சதவீதம், உச்சவரம்பு 1.5 கோடி. உங்கள் 3 கோடி முழுவதும் தகுதி பெற்றால் 75 லட்சம் ரூபாய். வரிச் சலுகைகளை எல்லாம் கூட்டினாலும் இவ்வளவு வராது. விரிவாக்கத்துக்குத் தனி நிபந்தனைகள் உண்டு என்பதால், மெஷினுக்கு ஆர்டர் கொடுப்பதற்கு முன்பே தொழில் மையத்துக்கு நேரில் போய், உங்கள் திட்டம் எந்தத் தலைப்பில் வரும் என்று கேட்டு எழுதி வாங்குங்கள். வாங்கியபின் போனவர்கள் சிறு காகிதக் குறைக்காக அலைந்ததைப் பலமுறை பார்த்திருக்கிறேன். ஆனால் மானியம் கைக்கு வரும்வரை அதை வரவாக எண்ண வேண்டாம். கடனுக்கான திட்ட அறிக்கையை 3 கோடிக்கே போடுங்கள். மானியம் வந்தால் அசலில் கட்டிவிடலாம்.

இங்கே வரிக்கணக்கில் பலரும் தவறும் ஓர் இடம் உண்டு. இயந்திரத்துக்காக வந்த மானியத்தை இயந்திரத்தின் விலையிலிருந்து கழிக்க வேண்டும். 75 லட்சம் வந்தால் அந்த 75 லட்சத்துக்குத் தேய்மானம், அதாவது மெஷின் விலையை ஆண்டுதோறும் கொஞ்சம் கொஞ்சமாக லாபத்திலிருந்து கழிக்கும் உரிமை, கிடையாது. கழிக்காமல் விட்டால் அந்தத் தொகை வருமானமாகவே எடுத்துக்கொள்ளப்படும். ஜிஎஸ்டியும் அப்படித்தான். 3 கோடி மெஷினுக்கு 18 சதவீதம் என்றால் 54 லட்சம் வரி கட்டியிருப்பீர்கள். அதை நீங்கள் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் உள்ளீட்டு வரியாகக் கழித்துக்கொண்டபின் மெஷின் விலையிலும் சேர்த்துத் தேய்மானம் கேட்கக் கூடாது.

இப்போது பழைய லைனா புதிய லைனா என்ற கேள்வி. வெளியே பார்த்தால் 1.25 கோடி வித்தியாசம். ஆனால் மானியம் புதிய இயந்திரத்துக்குத்தான். மானியம் போகப் புதியது 2.25 கோடி என்று வைத்தால் வித்தியாசம் 50 லட்சமாகச் சுருங்கிவிடுகிறது. வருமான வரியிலும் இதே கதை. உற்பத்தித் தொழிலில் புது மெஷினுக்கு வழக்கமான 15 சதவீதத் தேய்மானத்தோடு முதல் ஆண்டில் கூடுதலாக 20 சதவீதம் தருகிறார்கள். இதற்கு முன் வேறு யாராவது, இந்தியாவிலோ வெளிநாட்டிலோ, ஓட்டிய மெஷின் என்றால் அந்த 20 சதவீதம் கிடையாது. பழைய லைனுக்கு உதிரிபாகம் எங்கே கிடைக்கும், வெட்டும் விளிம்பில் பிசிறு எவ்வளவு வரும் என்பதெல்லாம் என்னைவிட உங்களுக்குத் தெரியும். பிசிறு அதிகமானால் கோரில் வீணாகும் மின்சாரம் ஏறும், இழப்பு அளவில் டெஸ்டில் தோற்கும். என் பங்குக்கு, கணக்கு வழியில் பார்த்தாலும் பழையதை நான் சொல்ல மாட்டேன்.

அடுத்தது, பார்ட்னர்ஷிப்பாகவே இருப்பதா, பிரைவேட் லிமிடெட் கம்பெனியாக மாறுவதா? இதில் கொஞ்சம் நிதானமாக உட்காருவோம். உங்கள் எண்களையே எடுத்துக்கொள்கிறேன். மானியத்தை இப்போதைக்கு ஒதுக்கி வைப்போம். இந்த மெஷின்களின் தேய்மானத்தைக் கழிக்கும் முன், ஆண்டு லாபம் 1.5 கோடி என்று கொள்வோம்.

பார்ட்னர்ஷிப் நிறுவனத்துக்கு வரி 30 சதவீதம், செஸ்ஸோடு 31.2. முதல் ஆண்டில் 3 கோடிக்கு 15 சதவீதம் 45 லட்சம், கூடுதல் 20 சதவீதம் 60 லட்சம், ஆக 1.05 கோடி தேய்மானம். மீதி 45 லட்சத்துக்கு வரி 14.04 லட்சம். இதே தொழில், சில சலுகைகளை விட்டுக்கொடுத்தால் 22 சதவீத வரி என்ற திட்டத்தைத் தேர்ந்த கம்பெனியாக இருந்தால், சர்சார்ஜ், செஸ் சேர்த்து 25.168 சதவீதம். ஆனால் அந்தத் திட்டத்தில் கூடுதல் தேய்மானம் கிடையாது. 45 லட்சம் மட்டும் கழித்து 1.05 கோடிக்கு 26.43 லட்சம் வரி. முதல் ஆண்டில் பார்ட்னர்ஷிப்புக்கு 12.39 லட்சம் மிச்சம்.

இரண்டாம் ஆண்டில் எல்லாம் தலைகீழாகிறது. பார்ட்னர்ஷிப்பில் மெஷினின் மீதி மதிப்பு 1.95 கோடி, தேய்மானம் 29.25 லட்சம், வரிக்குரிய லாபம் 1.2075 கோடி. ஒரு கோடியைத் தாண்டிவிட்டதால் 12 சதவீத சர்சார்ஜ் ஏறி வரி விகிதம் 34.944 ஆகிறது. கட்ட வேண்டியது 42.19 லட்சம். கம்பெனியில் தேய்மானம் 38.25 லட்சம், வரி 28.13 லட்சம். இந்த முறை கம்பெனிக்கு 14 லட்சம் மிச்சம். அதற்குப் பின்வரும் ஆண்டுகளிலும் லாபம் ஒரு கோடிக்கு மேல் நிற்கும்வரை கம்பெனிதான் முன்னால் போகும்.

ஆகவே என் யோசனை இது. மெஷின்களைப் பார்ட்னர்ஷிப்பிலேயே வாங்குங்கள். கூடுதல் தேய்மானத்தை முழுதாக அனுபவியுங்கள். அடுத்த நிதியாண்டு தொடங்கும் ஏப்ரல் 1 அன்று மொத்த நிறுவனத்தையும் கம்பெனியாக மாற்றி, 22 சதவீதத் திட்டத்தைத் தேர்ந்துகொள்ளுங்கள். சொத்தும் கடனும் முழுவதும் கம்பெனிக்குப் போக வேண்டும், நீங்களும் தம்பியும் மூலதன விகிதப்படியே பங்கு பெற வேண்டும், பங்கைத் தவிரப் பணமாக எதுவும் எடுக்கக் கூடாது, ஐந்து ஆண்டு உங்கள் பங்கு பாதிக்குக் குறையக் கூடாது. இவற்றைக் காத்தால் மாற்றத்துக்கே தனி மூலதன ஆதாய வரி வராது. 22 சதவீதத் திட்டத்துக்கான படிவத்தை முதல் வருமான வரிக் கணக்கின் கெடு தேதிக்குள் தாக்கல் செய்தே தீர வேண்டும். ஒருமுறை தேர்ந்தால் திரும்பி வர வழியில்லை.

ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும். பார்ட்னர்ஷிப்பில் வரி கட்டியபின் உங்கள் பங்கை வீட்டுக்கு எடுத்துப்போனால் மேற்கொண்டு வரி இல்லை. கம்பெனியில் டிவிடெண்டாக எடுத்தால் அது உங்கள் தனி வருமானத்தில் சேர்ந்து இன்னொரு முறை வரிக்கு வரும். லாபத்தில் பெரும்பகுதியைத் தொழிலிலேயே போடுகிறவர்களுக்குத்தான் கம்பெனி லாபம். பிள்ளைகளின் படிப்பு, வீட்டுக் கடன் என்று ஆண்டுக்கு ஒரு கோடியை எடுக்கப்போகிறீர்கள் என்றால் நான் மேலே காட்டிய 14 லட்சம் கரைந்துபோகும். அண்ணன் தம்பி இருவரும் உட்கார்ந்து பேச வேண்டியது இது. ஆடிட்டர் முடிவுசெய்ய முடியாது.

தேதி முக்கியம். மெஷினை வாங்கி, அந்த நிதியாண்டில் 180 நாளாவது ஓட்டியிருந்தால்தான் முழுத் தேய்மானம். அப்படியென்றால் அக்டோபர் 3-க்குள் அது ஓடத் தொடங்கியிருக்க வேண்டும். தாண்டினால் அந்த ஆண்டு 15-லும் 20-லும் பாதி. கூடுதலில் மீதிப் பாதி அடுத்த ஆண்டுக்குப் போகும், அடுத்த ஆண்டு நீங்கள் 22 சதவீதத்துக்கு மாறியிருந்தால் அது வீண். என்னிடம் வந்த ஒருவர் மார்ச் இரண்டாம் வாரம் மெஷினை இறக்கி, பில்லைக் கையில் வைத்துக்கொண்டு தேய்மானம் கேட்டார். பட்டறைக்கு உயர் அழுத்த இணைப்பே மே மாதம்தான் வந்தது. அந்த ஆண்டின் மின் கட்டணப் பில்லைப் பார்த்ததும் அதிகாரி மறுத்துவிட்டார். மறுத்தது சரிதான். இறக்கிய நாள், நிறுவிய நாள், முதல் கோர் வெட்டிய நாள் மூன்றுக்கும் காகிதம் வைத்திருங்கள். முதல் ஓட்டத்தின் ஜாப் கார்டு ஒன்று போதும்.

புதிதாக ஆள் சேர்ப்பதற்கும் ஒரு சலுகை இருக்கிறது, நிறையப் பேர் கேட்பதே இல்லை. மாதம் 25,000 ரூபாய்க்கு மிகாத சம்பளத்தில், பிஎஃப் உள்ள புதிய பணியாளர்களை எடுத்து, மொத்த எண்ணிக்கையும் கூடியிருந்தால், அவர்கள் சம்பளத்தில் 30 சதவீதத்தை மூன்று ஆண்டு கூடுதலாகக் கழிக்கலாம். ஆண்டில் 240 நாளாவது வேலை செய்திருக்க வேண்டும், சம்பளம் வங்கி வழியாகப் போயிருக்க வேண்டும். வைண்டிங்குக்கு 12 பெண்களை மாதம் 16,000 சம்பளத்தில் எடுத்தால் ஆண்டுச் சம்பளம் 23.04 லட்சம், கழிவு 6.91 லட்சம். 22 சதவீதத் திட்டம் இந்தக் கழிவை மறுப்பதில்லை. ஆனால் பட்டறையைக் கம்பெனியாக மாற்றியபின் அது தொடருமா என்பதை மாற்றுவதற்கு முன்பே உங்கள் ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஒப்பந்தக்காரர் மூலம் வரும் ஆட்களுக்கு இது பொருந்தாது. உங்கள் சம்பளப் பட்டியலில் இருக்கிற ஆட்களாக இருக்க வேண்டும். அவர்களுக்கும் அதுதான் நல்லது.

இனி, நீங்கள் எழுதாமல் விட்ட ஒன்று. டர்னோவர், லாபம் எல்லாம் சொன்னீர்கள். மார்ச் 31 அன்று உங்களுக்கு வர வேண்டிய பாக்கி எவ்வளவு, நீங்கள் கொடுக்க வேண்டிய பாக்கி எவ்வளவு என்று சொல்லவில்லை. இந்தத் தொழிலில் பணம் சிக்குவது வரியில் இல்லை. செம்பும் தகடும் எண்ணெயும் ரொக்கத்துக்கோ குறுகிய தவணைக்கோ வாங்குகிறீர்கள், சரக்கு ஏறி பல மாதம் கழித்துப் பணம் வருகிறது. ஜிஎஸ்டியோ பில் போட்டதற்கு அடுத்த மாதமே கட்டியாக வேண்டும், பணம் வந்ததா என்று அது கேட்பதில்லை.

சிறு நிறுவனங்களுக்கு 45 நாளுக்குள் பணம் தராவிட்டால் அந்தச் செலவை வாங்குபவரின் வரிக்கணக்கில் ஏற்கக் கூடாது என்று சட்டம் வந்தபோது எல்லோரும் மகிழ்ந்தார்கள். 2023-24 கணக்காண்டிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. லாபத்துக்கு வரி கட்டுகிறவருக்குத்தான் இது உறைக்கும். நஷ்டத்தில் ஓடும் ஒரு மின் விநியோக நிறுவனத்துக்குச் செலவை ஏற்காவிட்டால் என்ன குறையப்போகிறது? ஆக அங்கே வேறு வழி வேண்டும். 250 கோடிக்கு மேல் டர்னோவர் உள்ள கம்பெனிகளும் மத்தியப் பொதுத்துறை நிறுவனங்களும் சிறு நிறுவனங்களின் பில்லைப் பணமாக்கும் டிரெட்ஸ் என்ற இணையத் தளத்தில் பதிவு செய்தாக வேண்டும். உங்கள் பில்லை வாங்குபவர் அங்கே ஏற்றுக்கொண்டால், வங்கி கழிவு பிடித்துக்கொண்டு உடனே பணம் தரும், பின்னால் உங்களைத் துரத்தாது. ஏற்றுக்கொள்வாரா என்பதைச் சரக்கு அனுப்பியபின் கேட்காமல் டெண்டருக்கு முன் கேளுங்கள். சட்டப்படி தாமதத்துக்கு வங்கி விகிதத்தின் மூன்று மடங்கு கூட்டு வட்டி கேட்கும் உரிமையும் உங்களுக்கு இருக்கிறது. அடுத்த டெண்டரை நினைத்து யாரும் கேட்பதில்லை என்பதும் எனக்குத் தெரியும்.

அதே சட்டம் உங்களையும் பிடிக்கும், இதைத்தான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். டேங்க் அடித்துத் தருகிறவர், ரேடியேட்டர் செய்கிறவர், பெயின்ட் வேலைக்காரர் எல்லோரும் உத்யம் என்ற சிறு நிறுவனப் பதிவு வைத்திருப்பார்கள். அவர்களுக்குப் பணம் தரக் கெடு, எழுத்தில் ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாள், இருந்தால் அதிகபட்சம் 45 நாள். கெடு தாண்டிய 40 லட்சம் மார்ச் 31 அன்று பாக்கி நின்றால் அது உங்கள் லாபத்தில் சேர்ந்து, முதல் ஆண்டு எடுத்துக்காட்டில் 12.48 லட்சம் வரியைக் கூட்டும். பார்ட்னர்ஷிப்பில் வாங்கி மிச்சம் பிடித்த 12.39 லட்சத்தையும் அதுவே விழுங்கிவிடும். பணம் கொடுத்த ஆண்டில் அந்தச் செலவு திரும்பக் கிடைக்கும்தான், ஆனால் கடனில் மெஷின் வாங்கிய ஆண்டில் 12 லட்சம் வெளியே போவது வலிக்கும். அதைவிட, உங்களைப் போலவே காத்திருக்கிற ஒரு சின்னப் பட்டறைக்காரரின் பணம் அது.

உள்நாட்டுத் தயாரிப்புக்கான கொள்முதல் முன்னுரிமையையும் கவனியுங்கள். இது வரி இல்லை, ஆனால் ஆர்டர் தரும். மத்திய அரசின் 2017 ஆணைப்படி 50 சதவீதமோ அதற்கு மேலோ உள்நாட்டு மதிப்பு உள்ளவர் முதல் வகுப்பு, 20 முதல் 50 வரை இரண்டாம் வகுப்பு. சென்னையில் ஒரு வியாபாரியிடம் வாங்கினாலும் இறக்குமதித் தகடு இறக்குமதிதான். அதை உள்நாட்டு மதிப்பில் சேர்க்காதீர்கள். பொய்ச் சான்று கொடுத்தால் இரண்டு ஆண்டு வரை டெண்டரிலிருந்து விலக்குவார்கள். கோரை நீங்களே வெட்டும்போது அந்த வேலையின் மதிப்பை உங்கள் கணக்கிலேயே காட்டி நிரூபிக்கலாம். இந்த முதலீட்டுக்கு நான் சம்மதிப்பதற்கு வரியைவிட இதுவே பெரிய காரணம். சிறு நிறுவனங்களிடம் 25 சதவீதம் வாங்க வேண்டும் என்ற 2012 ஆணை மத்திய அரசுத் துறைகளுக்கும் மத்தியப் பொதுத்துறைக்கும்தான். மாநில நிறுவனங்களின் டெண்டரில் அதை நம்பி விலை போடாதீர்கள்.

ஏற்றுமதி செய்வதாக உறுதி தந்து சுங்க வரியில்லாமல் இயந்திரம் இறக்குமதி செய்யும் திட்டத்தை நீங்கள் இப்போது தொட வேண்டாம். மிச்சமான சுங்க வரியின் ஆறு மடங்கு ஏற்றுமதியை ஆறு ஆண்டில் காட்டியாக வேண்டும். நீங்கள் ஏற்றுமதி ஆர்டர் எதையும் சொல்லவில்லை.

2025-இன் புதிய வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறை, அதில் பிரிவு எண்களும் படிவங்களின் பெயர்களும் வேறு. உங்கள் ஆடிட்டரிடம் பேசும்போது சலுகையின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள், எண்ணைச் சொல்லிக் கேட்டால் இருவரும் குழம்புவீர்கள்.

அப்பா கடன் வேண்டாம் என்கிறார். அவரிடம் 75 லட்சம், 12 லட்சம் என்று சொல்ல வேண்டாம். கடந்த மூன்று ஆண்டுகளில் ஒவ்வொரு பில்லும் எத்தனை நாளில் பணமானது என்று ஒரு தாளில் எழுதி அவரோடு உட்காருங்கள். சராசரி 90 நாளுக்குள் இருந்தால், மின் இணைப்பு அக்டோபர் 3-க்கு முன் உறுதி என்றால், இந்த ஆண்டே ஆர்டர் கொடுங்கள். 150 நாளைத் தாண்டினால் மெஷினுக்குக் கடன் கேட்பதற்கு முன் வங்கியில் நடைமுறை மூலதன வரம்பை உயர்த்துங்கள், மெஷின் அடுத்த ஏப்ரலில் வரட்டும். கூடுதல் தேய்மானம் அடுத்த ஆண்டு வாங்கினாலும் கிடைக்கும்.